அக்னி நட்சத்திரத்தில் எரிநட்சத்திரம்

ஆகஸ்ட் வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும்: ‘இன்றிரவு மணிக்கு 100 எரிநட்சத்திரங்கள்!’ அதை நம்பி அலாரம் வைத்து எழுந்து, தூங்குகிற பிள்ளைகளையும் எழுப்பி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போகிறவர்கள் காஞ்சிபுரத்திலும் உண்டு. மேகத்தைப் பார்த்து, கொசுக்கடி வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். அடுத்த முறை கூப்பிட்டால் பிள்ளைகள் வருவார்களா?

செய்தி பொய்யில்லை; ஊர்தான் வேறு. ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் உச்சம் தொடும் பெர்சீட் மழை வடக்கு வானத்துச் சமாச்சாரம். எரிநட்சத்திரங்கள் கிளம்புவதுபோல் தெரியும் இடம் லண்டனில் விடியற்காலை தலைக்கு மேலே வந்துவிடும். காஞ்சியில் அது பாதி வானம்கூட ஏறுவதற்குள் பொழுது விடிந்துவிடும். போதாக்குறைக்குப் பருவமழை மேகம் வேறு.

காஞ்சிக்கு வாய்த்தவை வேறு இரண்டு.

முதலாவது ஜெமினிட். டிசம்பர் 13, 14 இரவுகளில் புனர்பூச நட்சத்திரத்தின் பக்கத்திலிருந்து சிதறும். இரவு ஏழரை மணிக்கே அந்த இடம் வடகிழக்கில் உதித்துவிடுவதால், சாப்பிட்டுவிட்டு ஒன்பது, பத்து மணிக்கு மாடி ஏறினாலே சில கண்ணில் படும். பிள்ளைகளை எழுப்ப வேண்டியதில்லை. இரண்டு மணிவாக்கில் அது உச்சிக்கு அருகே வரும். அப்போதுதான் நல்ல வேட்டை. ஒரே தொல்லை, வடகிழக்குப் பருவமழை. ஆனால் மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் இரவு வானம் வெறித்திருந்தால், அதுபோலத் தெளிவு வேறு மாதத்தில் கிடைக்காது.

இரண்டாவதுதான் பலருக்குத் தெரியாதது. மே 5, 6 தேதிகளில், அக்னி நட்சத்திரம் தொடங்கும் அதே வாரத்தில், ஈட்டா அக்வாரிட் மழை. 1986-ல் வந்துபோன ஹாலி வால்நட்சத்திரம் மறுபடி வரப்போவது 2061-ல். அது வழியெல்லாம் உதிர்த்துவிட்டுப் போன தூசிக்குள் பூமி ஆண்டுதோறும் நுழைகிறது. மணல் பருக்கை அளவுத் துகள்கள், நொடிக்கு 66 கிலோமீட்டர் வேகத்தில் காற்றில் மோதி எரிகின்றன. சில, போன பிறகும் ஓரிரு நொடி மெல்லிய கோடு விட்டுவைக்கும்.

இவை கும்ப ராசியில், சதயத்தின் பக்கத்திலிருந்து வருபவை. ஐரோப்பாவில் அந்தப் பகுதி எழும்பி வருவதற்குள் விடிந்துவிடும். நம் பக்கம் இரண்டு மணிக்கே கிழக்கில் உதித்து, நாலரை மணிக்குள் பாதி வானம் நெருங்கிவிடும். வெப்ப மண்டலத்துக்கு இயற்கை கொடுத்த சலுகை இது. வடக்கு, தெற்கு இரண்டு வானமும் தெரிகிற அருமைக்காகவும்தான் வாணியம்பாடி பக்கத்து ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார் விஞ்ஞானி வேணு பாப்பு. அந்த வான் ஆய்வகமும் காஞ்சியும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன.

மே மாதம் புழுக்கம் தாங்காமல் மாடியில் பாய் விரிக்கிற மாதம். வைகாசி கருட சேவைக்கு இருட்டிலேயே எழுந்து ஓடுகிற ஊருக்கு, மூன்று மணி ஒன்றும் பெரிய விஷயமில்லை.

படுத்துக்கொண்டு பார்ப்பதே உத்தமம். நின்றால் கழுத்து வலிக்கும். ஸ்ரீபெரும்புதூர், சென்னை விளக்கு வெளிச்சம் கிழக்கிலும் வடகிழக்கிலும் வானத்தை வெளுக்க வைக்கிறது. அதனால் தலையை அந்தப் பக்கம் வைத்து, பார்வையைச் செய்யாறு இருக்கும் தென்மேற்குப் பக்கம் உயரத்தில் வையுங்கள். எரிநட்சத்திரம் வானத்தின் எந்த மூலையிலும் தெரியும். இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடமாவது ஆகும். நடுவில் ஒருமுறை செல்போனைத் திறந்தால் பழையபடி ஆரம்பத்திலிருந்து. இருட்டாக இருக்கிறதே என்று ஏரிக்கரைக்குப் போக வேண்டாம், பாம்பு நடமாட்டம் உண்டு.

‘மணிக்கு 100’ என்பது முழு இருட்டில், அந்த இடம் நேர் உச்சியில் இருந்தால் என்ற கணக்கு. ஊருக்குள் மாடியிலிருந்து டிசம்பரில் மணிக்குப் பத்துப் பதினைந்து கிடைத்தால் நல்ல இரவு. மே மாதம் அதைவிடக் குறைவு. கிளம்பும் முன் தினசரி காலண்டரைப் புரட்டுங்கள். அமாவாசையை ஒட்டி வந்தால் பாயை எடுங்கள். பௌர்ணமி என்றால் அந்த வருஷம் நிம்மதியாகத் தூங்கலாம்.