மறுத்துச் சொல்ல ஒருவர்

பல வருடம் ஒரே விதமாக வாசித்துப் பெயர் வாங்கிய ராக் குழு தன் ஒலியை மாற்றிக்கொண்டு ஜெயித்தால், பாராட்டெல்லாம் மாற்றத்தைக் கொண்டுவந்தவருக்கே போகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூடவே இருந்து ‘இது எதற்கு?’ என்று முரண்டு பிடித்தவருக்கும் அந்த வெற்றியில் சரிபாதி சேர வேண்டும். அயர்லாந்தின் யூ2 குழு 1991-ல் வெளியிட்ட ‘அக்டங் பேபி’ ஆல்பமே அதற்குச் சாட்சி.

‘தி ஜோஷுவா ட்ரீ’ (1987) அவர்களை உச்சியில் உட்கார வைத்தது. மறு வருடமே வந்த ‘ராட்டில் அண்ட் ஹம்’, அமெரிக்க இசையின் வாரிசுகளாகத் தங்களைக் காட்டிக்கொள்கிறார்கள் என்று விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. 1990 அக்டோபரில், இரு ஜெர்மனிகளும் இணைந்த நேரத்தில், பெர்லினின் ஹன்சா ஸ்டுடியோவுக்குப் போனார்கள். பாடகர் போனோவும் கிட்டார் வாசிக்கும் எட்ஜும் டிரம் மெஷின், இண்டஸ்ட்ரியல் இசை என்று புதிய திசையில் இழுத்தார்கள். டிரம்மர் லாரி மல்லனுக்கும் பேஸ் வாசிக்கும் ஆடம் கிளேட்டனுக்கும் அது ஒட்டவில்லை. குழு உடைந்துவிடுமோ என்கிற அளவுக்குப் போனது. அந்த இழுபறிக்கு நடுவில், வேறொரு பாட்டுக்காக எட்ஜ் இரண்டு கார்ட் வரிசைகளை வாசித்துக் காட்டினார். இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள் என்றார் தயாரிப்பாளர் டேனியல் லான்வா. மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, ‘ஒன்’ பிறந்தது. ஆல்பத்தின் முதல் பாட்டான ‘ஸூ ஸ்டேஷன்’ கரகரத்த கிட்டாரோடு தொடங்குகிறது. போனோவின் குரலையே அடையாளம் தெரியாதபடி சிதைத்திருக்கிறார்கள். ஆனால் அடியில் மல்லனின் டிரம்ஸும் கிளேட்டனின் பேஸும் பழைய உறுதியோடு ஓடுகின்றன. புதுமை அந்தரத்தில் தொங்காமல் நிற்பது அதனால்தான்.

காலத்தின் மோஸ்தரைப் பிடித்தார்கள், அதுதான் விஷயம் என்பார்கள் சிலர். அப்படியானால் டான்ஸ் இசை கொடிகட்டிப் பறந்த 1997-ல் வந்த ‘பாப்’ ஆல்பமும் அதே அளவு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அதன் வேலை தொடங்கியபோது மல்லன் முதுகு அறுவை சிகிச்சை முடிந்து ஓய்வில் இருந்தார். மற்றவர்கள் திரும்பத் திரும்ப ஓடும் தாளத் துண்டுகளான லூப்புகளை வைத்தே அடித்தளம் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவர், முன்பே ஓடிக்கொண்டிருந்த தாளத்தில் தனக்கு இடம் தேட வேண்டியதாயிற்று.

சுற்றுப்பயணத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதால் ஆல்பத்தை அவசரமாக முடிக்க நேர்ந்தது என்று குழுவே சொல்லியிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கெடு கழுத்தை நெரிக்கும்போது முதலில் பறிபோவது வாக்குவாதம்தான். பெர்லினில் வாரக்கணக்கில் சண்டை போட அவர்களுக்கு அவகாசம் இருந்தது. ‘பாப்’புக்கு அது வாய்க்கவில்லை. விட்டுப்போனது என்னவென்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 2002-ல் தொகுப்பு ஆல்பம் வெளியிட்டபோது, ‘பாப்’பின் மூன்று பாடல்களைப் புதிதாக மிக்ஸ் செய்துதான் அதில் சேர்த்தார்கள்.