ஜடேஜாவுக்காக அழும் அண்ணனுக்கு

மதுரை சிம்மக்கல் மைய நூலகத்துக்குப் பக்கத்து டீக்கடையில் அண்ணன் ஒருவர், ஜடேஜா சென்னை அணியை விட்டு ராஜஸ்தானுக்குப் போன நாளிலிருந்து ஒரே வழக்கை நடத்திவருகிறார். "வீட்டுப் பிள்ளைய வித்துட்டாய்ங்க தம்பி, இது துரோகம்" என்பது அவர் தீர்ப்பு. கேட்பவர்களும் தலையாட்டுகிறார்கள். தலையாட்ட எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் அடுக்கும் காரணங்களில் ஒன்றுகூட நிற்காது.

முதலில், "விற்றார்கள்" என்ற சொல். ஐ.பி.எல். விதிப்படி வீரரின் சம்மதம் இல்லாமல் டிரேட் நடக்காது. 2025 நவம்பர் 15 அன்று சஞ்சு சாம்சன் சென்னைக்கும், ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கும் மாறியது அறிவிக்கப்பட்டது. ஜடேஜாவின் தொகை 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. நான்கு கோடி குறைவு என்று தெரிந்தே அவர் ஒப்புக்கொண்டு போன இடம், 2008-இல் தன் ஐ.பி.எல். வாழ்க்கையைத் தொடங்கிய அணி. அது அவர் எடுத்த முடிவு. அவரைச் சந்தையில் கைமாறும் மாடுபோலப் பேசி அவமதிப்பது சென்னை நிர்வாகமல்ல, நீங்கள்தான் அண்ணே.

இரண்டாவது, "அனுபவம்தான் கோப்பை வாங்கித் தந்தது" என்ற வாதம். 2018, 2021, 2023-இல் தந்தது, மறுக்கவில்லை. அதன் பிறகு என்ன ஆயிற்று? 2024-இல் ஐந்தாம் இடம். 2025-இல் 14 ஆட்டங்களில் நான்கே வெற்றி, வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம். 17 ஆண்டுகளுக்குப் பிறகு பெங்களூருவிடம் சேப்பாக்கத்திலேயே தோற்றோம். 120 கோடியில் 65 கோடியைப் பழைய ஐந்து பேருக்கு ஒதுக்கிவிட்டு ஏலத்துக்குப் போன அணிக்குக் கிடைத்த பலன் இது. அந்த ஆண்டு நமக்குக் கொஞ்சம் உயிர் வந்ததே 17 வயது ஆயுஷ் மாத்ரேயால். அந்தப் பையனும் ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டதால்தான் உள்ளே வந்தான். பெங்களூருவில் அவன் 48 பந்தில் 94 அடித்தான். அதே ஆட்டத்தில் ஜடேஜாவும் ஆட்டமிழக்காமல் 77 எடுத்தார். ஜடேஜாவுக்கு ஆட்டம் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. 37-ஐத் தொடவிருந்த ஒருவரை நம்பி அடுத்த ஐந்தாண்டுக்குத் திட்டம் போட முடியாது என்பதுதான் பேச்சு.

மூன்றாவதாக, அமெரிக்கக் கூடைப்பந்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்: "டல்லாஸ் அணி டான்சிச்சை விட்டுட்டுக் கெட்டுச்சே, பார்த்தீங்களா?" பார்த்தேன். அது இவர் வாதத்தையே சாய்க்கிறது. 2025 பிப்ரவரியில் டல்லாஸ் விட்டுக்கொடுத்த லூக்கா டான்சிச்சுக்கு வயது 25. முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோயிருந்தார். பதிலுக்கு வந்தவர்களில் முக்கியமான ஆண்டனி டேவிஸுக்கு 31. வந்த முதல் ஆட்டத்திலேயே காயம். இளையவரைக் கொடுத்து மூத்தவரை வாங்கியதற்காகத்தான் ரசிகர்கள் கொதித்தார்கள். நவம்பரில் அந்த மாற்றத்தைச் செய்த மேலாளரின் வேலையும் போயிற்று. சென்னை செய்தது இதற்கு நேரெதிர். 36 வயதுக்காரரைக் கொடுத்து 31 வயதுக்காரரை வாங்கியது. அவர் விக்கெட் கீப்பர், 2022-இல் ராஜஸ்தானை இறுதிப் போட்டிக்கு அழைத்துப்போன கேப்டன். தோனிக்கு 44 வயதாகும்வரை அடுத்த கீப்பரைத் தேடாமல் இருந்ததற்கு அண்ணன் கோபப்பட்டிருந்தால் நானும் அவரோடு சேர்ந்து கோபப்பட்டிருப்பேன்.

விசுவாசம் பற்றி இவ்வளவு பேசுகிறவரிடம் ஒன்று கேட்க வேண்டும். 2023 அகமதாபாத் இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா அடித்த சிக்ஸும் ஃபோரும் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அன்று இரவு எதிரணியில் நின்று 47 பந்தில் 96 அடித்தது யார்? சென்னைப் பையன் சாய் சுதர்சன். குஜராத் அவரை வாங்கியது வெறும் 20 லட்சத்துக்கு. 2025-இல் 759 ரன்னோடு ஆரஞ்சு தொப்பி அவருக்குத்தான். அவ்வளவு தூரம் போவானேன்? 2018-இல் மதுரை பேந்தர்ஸ் டி.என்.பி.எல். கோப்பையை வென்றபோது நம் ஊர்ப் பெயர் போட்ட சட்டையில் பந்து வீசியவர் வருண் சக்ரவர்த்தி. அடுத்த ஏலத்தில் 8.4 கோடிக்குப் பஞ்சாப் கொண்டுபோனது, பிறகு கொல்கத்தா. 2024-இல் கொல்கத்தா கோப்பை வென்றபோது அவர் 21 விக்கெட் எடுத்திருந்தார். இவர்கள் மஞ்சள் சட்டைக்கு வராமல் போனபோது டீக்கடையில் யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. உள்ளே இருப்பவர் எழுந்தால் அழுகை. வாசலில் நிற்பவனைப் பற்றிப் பேச்சே இல்லை. இதை விசுவாசம் என்று என்னால் ஏற்க முடியாது. பழகிய முகத்தைப் பிரிய மனமில்லை, அவ்வளவுதான்.

பிரிவு வலிக்கும். பன்னிரண்டு சீசன் மஞ்சளில் பார்த்தவரை வேறு நிறத்தில் பார்க்க எனக்கும் வலிக்கிறது. ஆனால் ஒரு அணியில் இடம் பதினொன்றுதான். அதில் ஒன்று காலியானால்தான் இன்னொரு பையன் உள்ளே வர முடியும். அண்ணே, ஜடேஜாவை மனசார வாழ்த்தி அனுப்புங்கள். இந்த வருஷம் மதுரைச் சட்டையில் எவன் நன்றாக வீசுகிறான் என்று பார்த்து, அவன் பெயரையும் அதே டீக்கடையில் அதே சத்தத்தோடு சொல்லுங்கள்.