ஒழிந்தது புழுவா, நோயா?

யானைக்கால் நோய் இலங்கையில் ஒழிந்துவிட்டது என்பது படித்தவர் மத்தியில் நிலைபெற்றுவிட்ட ஒரு கருத்தாகும். 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் வழங்கிய சான்று இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றது. அச்சான்று கூறியது ஒன்று. அதிலிருந்து விளங்கிக்கொள்ளப்பட்டது வேறொன்று. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் இந்நோய் நீக்கப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள். புதிய தொற்று மிகத் தாழ்ந்த மட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டது உண்மை. ஏற்கெனவே வீங்கிய கால்கள் அச்சான்றைக் கண்டு வற்றிவிடவில்லை.

சாதனையைச் சாதனையென ஏற்பதில் எவரும் தயங்கவேண்டியதில்லை. யானைக்கால் நோய்த் தடுப்பு இயக்கம் 1947இல் ஆரம்பிக்கப்பட்டது. இந்நோயின் நுண்புழுக்கள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒதுங்கியிருந்து, நுளம்பு கடிக்கும் இரவு வேளையிலேயே மேற்பரப்புக் குருதியில் உலாவுவன. ஆதலால் இயக்கத்தின் ஊழியர்கள் இரவுகளிலேயே குருதி மாதிரி எடுக்கவேண்டியவராயினர். 2002 முதல் 2006 வரை கொழும்பு, கம்பஹா, களுத்துறை, காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை, குருநாகல், புத்தளம் ஆகிய எட்டு மாவட்டங்களிலும் டைஎதில்காபமசீன், அல்பெண்டசோல் ஆகிய மாத்திரைகள் ஆண்டுக்கொரு முறை மக்களுக்கு வழங்கப்பட்டன. இலவச சுகாதார சேவை என்ற அடித்தளம் இல்லாத நாட்டில் இது இலகுவில் கைகூடியிராது.

ஆயின், எண்ணப்பட்டது எது? குருதியிலுள்ள புழு எண்ணப்பட்டது. பல ஆண்டுகளாகக் கால் வீங்கிக் கிடப்பவர் ஒருவரின் குருதியைச் சோதித்தால் பெரும்பாலும் அங்கே நுண்புழு காணப்படுவதில்லை. வளர்ந்த புழு எப்போதோ இறந்திருக்கும். அது சிதைத்துச் சென்ற நிணநீர்க் கலன்கள் மட்டும் சிதைந்தபடியே இருக்கும். எனவே குருதிக் கணக்கின்படி அவர் நோயற்றவர். நோயின் முழுச் சுமையையும் சுமப்பவரே கணக்கில் சுகதேகியாகத் தோன்றும் இவ்விந்தை இந்நோய்க்கே உரியது போலும்! 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட உலகளாவிய ஒழிப்புத் திட்டம் இரு நோக்கங்களைக் கொண்டிருந்தது. தொற்றைத் தடுப்பது ஒன்று. பாதிக்கப்பட்டோரைப் பராமரிப்பது மற்றையது. முதலாவது நோக்கம் மேடைகளிற் பேசப்படுகின்றது. இரண்டாவது, நோயாளர் வரிசையாகக் காத்திருக்கும் ஒரு சில கிளினிக்குகளுக்குள் ஒடுங்கிவிடுகின்றது.

“வந்தது வந்துவிட்டது, இதற்கு மருந்தில்லை” என்று கைவிரிப்போர் உளர். மருத்துவம் அறிந்தோர் வாயிலிருந்தும் இச்சொல் வருவதுண்டு. இது பாதி உண்மை. பாதி உண்மை இவ்விடத்து முழுத் தீங்காகின்றது. காலைப் படிப்படியாகப் பருக்கச் செய்வது இறந்துபோன புழுவன்று. நிணநீர் தேங்கிய காலில் விரலிடுக்குகள் புழுங்கி வெடிக்கின்றன, பூஞ்சணம் பற்றுகின்றது, அவ்வெடிப்பினூடாகப் பற்றீரியாக்கள் புகுகின்றன. குளிர்காய்ச்சலும் அரையில் நெறிகட்டுதலும் கால் சிவந்து கொதித்தலும் தொடர்கின்றன. நோயாளி நாட்கணக்கிற் பாயில் கிடக்கின்றார், கூலி போய்விடுகின்றது. ஒவ்வொரு தாக்குதலின் பின்னரும் தோல் முன்னையிலும் தடிக்கின்றது. இத்தாக்குதலைத் தடுக்கமுடியும். நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல், விரலிடுக்குகளை ஈரமற ஒற்றுதல், வெடிப்புக்கு மருந்து பூசுதல், காலை உயர்த்தி வைத்தல், கணுக்காலை அசைத்துப் பயிற்சி செய்தல், ஏற்ற பாதணி அணிதல் ஆகியவையே வழி. ஆண்களுக்கு ஏற்படும் விதைப்பை வீக்கத்துக்குச் சத்திரசிகிச்சை உண்டு. பிரேசிலின் றெசிபே நகரில் வைத்தியர் ஜெரூசா டிரேயர் நோயாளரை ஒன்றுகூட்டி, இப்பராமரிப்பை ஒருவர் மற்றவருக்குக் கற்பிக்கும் சங்கங்களை அமைத்துக் காட்டினார். தனித்து ஒளிந்திருந்தவர்கள் அங்கே ஒருவர் காலை மற்றவர் கண்டனர்.

சவர்க்காரமும் தண்ணீரும்தானே, அதை அவரவர் வீட்டிற் செய்யலாமே என்பது அடுத்த வாதம். வீட்டில் குழாய் உள்ளவர்களின் வாதம் இது. பருத்த காலையுடையவர் குனிந்து தம் விரலிடுக்கைத் தொடுவது எளிதன்று. கழுவிவிட இன்னொருவர் வேண்டும். சுத்தமான நீரும் அமர்வதற்கு ஓரிடமும் உலர்ந்த துணியும் அரைமணி நேர ஓய்வும் வேண்டும். அன்றாடக் கூலிக்காக நாள்முழுதும் நின்று வேலை செய்யும் பெண்ணுக்கு இவற்றுள் எது கிடைக்கின்றது? தென்மேற்குக் கரையோரத்தில் தேங்காய் மட்டைகளை ஊறப்போடும் குழிகளும், அடைபட்ட வடிகால்களும், மூடியற்ற மலக்குழிகளும் இந்நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பின் பிறப்பிடங்கள். தும்பு கப்பலேறி அந்நியச் செலாவணியாயிற்று. வீக்கம் ஊரிலேயே தங்கிற்று. அதன் பின்னர் நோயாளியைப் பார்த்து “துப்புரவு போதாது” என்பது கொடுமையிலும் கொடுமை. பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஒல்லாந்தப் பயணி லின்ஸ்கோட்டன், மயிலாப்பூரில் புனித தோமையாரைக் கொன்றோரின் சந்ததிக்கே இத்தகைய கால் வாய்த்தது என்ற கதையைக் கேட்டு எழுதிவைத்தான். அன்று பாவம் என்றனர். இன்று அழுக்கு என்கின்றனர். இரண்டிலும் குற்றவாளி நோயாளியே.

பெயரும் இதற்குத் துணைபோகின்றது. ‘யானைக்கால்’ என்ற சொல் நோயின் இறுதிக் கட்டத்தை மட்டுமே கண்முன் நிறுத்துகின்றது. மாலையில் வீங்கி, இரவு படுத்தெழுந்தால் வற்றிவிடும் ஆரம்ப வீக்கத்தைக் கண்ட எவரும் அதை யானையோடு ஒப்பிடார். ஆகவே வைத்தியரிடம் செல்லார். பராமரிப்பு மிகுந்த பயன் தரக்கூடிய காலம் அவ்வாறே கழிந்துவிடுகின்றது. பின்னர் கால் உண்மையாகவே பருத்ததும், அப்பெயர் பட்டப்பெயராகி, அவரை வீட்டுக்குள் அடைத்துவிடுகின்றது.

இது தெற்கின் நோய், தமிழருக்கு இதில் என்ன என்று கேட்கும் மாணவரும் இருக்கக்கூடும். வடக்கு, கிழக்கு மாவட்டங்கள் எதுவும் அவ்வெட்டில் இல்லை என்பது மெய்யே. புத்தளத்திலும் கொழும்பிலும் வாழும் தமிழ்பேசும் மக்கள் எந்தக் கணக்கைச் சேர்ந்தவர்கள்? அவர்கள் இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், சிங்களத் தொழிலாளியின் காலில் வலி குறைந்துவிடுமா? மேலும், 1960களின் இறுதியில் மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட புறூகியா மலாயி என்னும் புழுவினம் இந்நூற்றாண்டில் மீண்டும் தலைகாட்டியுள்ளது. நாய்களிலும் பூனைகளிலும் கூட அது தங்குகின்றது. ஒழிந்தது என்ற சொல்லை ஒருமுறை நம்பி ஏமாந்த நாடு இது.

2006இல் கடைசி மாத்திரையை விழுங்கியபோது இருபது வயதினளாய், ஏற்கெனவே கணுக்கால் வீங்கியிருந்த ஒருத்தி, இன்று நாற்பதையொட்டிய வயதினள். இன்னும் முப்பது ஆண்டுகளேனும் ஒவ்வோர் இரவும் அவள் அக்காலைக் கழுவித் துடைக்கவேண்டும். அதற்குரிய சவர்க்காரமும் மருந்தும் பயிற்றப்பட்ட தாதியின் வருகையும் எந்த வரவுசெலவுத் திட்டத்தில் எத்தனையாம் பக்கத்தில் உள்ளன என்பதைச் சுகாதார அமைச்சு ஆண்டுதோறும் சொல்லட்டும்.