மயங்கி விழுவது பேணுதலாகாது

மஃரிபுக்குச் சற்று முன்பான நேரம். நோன்பு வைத்திருக்கும் வாப்பாவின் கை நடுங்குகிறது, நெற்றி வியர்க்கிறது, காரணமின்றிச் சினம் வருகிறது. மகள் குளுக்கோமீட்டரை எடுத்து வருகிறாள். "இரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும்" என்று அவர் தடுக்கிறார். மீறிப் பார்த்தால் 62 என்று காட்டுகிறது. "இன்னும் பத்து நிமிடந்தானே, பாங்கு சொல்லிவிடுவார்கள்" என்கிறார். சுற்றியிருப்போர் அதனை ஈமானின் உறுதியென வியக்கின்றனர். நம் வீடுகளில் ரமளான்தோறும் காணும் காட்சி இது. இதனைப் பேணுதல் என்று அழைப்பதை நாம் மறுக்கிறோம்.

நலமுள்ளவரின் பசியும் நீரிழிவு நோயாளியின் தாழ்சர்க்கரையும் ஒன்றல்ல. நலமுள்ளவர் உண்ணாதிருந்தால் கணையம் இன்சுலினைக் குறைத்துக்கொள்கிறது. கல்லீரல் சேமிப்பிலிருந்து சர்க்கரையை விடுவிக்கிறது. இன்சுலின் ஊசியோ, கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டவருக்கு அந்தக் காவல் இயல்பாக இயங்குவதில்லை. வயிறு காலியாக இருந்தாலும் மருந்து தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பை உடனே விட்டுவிட வேண்டும் என்பதே பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு ரமளானுக்கென வெளியிட்ட வழிகாட்டுதல். அங்கே பத்து நிமிடச் சலுகை ஏதுமில்லை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் பேச்சுக் குழறுகிறது, வலிப்பு வருகிறது, நினைவு தப்புகிறது.

"இப்படிக் கதவைத் திறந்துவிட்டால் ஆளாளுக்குச் சாக்குச் சொல்லி நோன்பை விட்டுவிடுவார்களே" என்று சிலர் வாதிடுகின்றனர். உண்மை நேர்மாறானது. 2001ஆம் ஆண்டு 13 நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட 'எபிடியார்' ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாள் நோன்பு நோற்றிருந்தனர். அவர்களிடையே மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கான கடும் தாழ்சர்க்கரை, மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு கூடியது. நம் சமுதாயத்தின் நோய் சாக்குச் சொல்வதன்று; சலுகையை ஏற்க வெட்கப்படுவதே.

அச்சலுகையை அளித்தவன் யார்? நோன்பைக் கடமையாக்கிய அதே இடத்தில்தான் (அல்குர்ஆன் 2:184, 185) நோயாளி வேறு நாள்களில் நோற்கலாம் என்றும், இறைவன் நமக்கு இலகுவையே நாடுகிறான் என்றும் சொல்லப்படுகிறது. தலையில் காயம்பட்ட ஒரு நபித்தோழருக்குக் குளிப்புக் கடமையானபோது, உடனிருந்தோர் சலுகை இல்லையெனக் கூறினர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள் அந்த மனிதரின் பேணுதலைப் புகழவில்லை. சலுகையை மறுத்தவர்களைத்தான் அவர் சாவுக்குப் பொறுப்பாக்கிக் கடிந்தார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள நிகழ்வு இது. 'பத்து நிமிடந்தானே' என்று ஊக்கமூட்டும் உறவினர்கள் இதனை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். பரிசோதனைக்கு இரத்தம் எடுப்பது நோன்பை முறிக்காது என்பதையும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதெமி 1997இல் ஜித்தாவில் தீர்மானித்துவிட்டது.

நீரிழிவு உள்ளோர் எவருமே நோன்பு நோற்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டு, பலரும் நலமாக நோற்கின்றனர். சிக்கல் நம் உணவுப் பழக்கத்தில் இருக்கிறது. தராவீஹ் முடிந்து நள்ளிரவில் புரோட்டாவும் சால்னாவும் உண்டுவிட்டு, ஸஹருக்கு ஒரு குவளைத் தண்ணீரோடு திரும்பப் படுப்பவர் எத்தனை பேர்! ஸஹர் உணவில் பரக்கத் இருக்கிறது என்றும், அதனைப் பிற்படுத்துவது சுன்னத் என்றும் மேடைதோறும் கேட்டவர்கள்தாம் இவர்கள். இன்னும் சிலர் சர்க்கரை ஏறிவிடும் என்றஞ்சி ஸஹரில் சோற்றையே தொடாமல் மாத்திரையை மட்டும் விழுங்குகின்றனர். இதைவிட ஆபத்தானது வேறில்லை. அளவான சோறோ கோதுமைச் சப்பாத்தியோ, அதனோடு பருப்பு, முட்டை, காய்கறி என்று ஸஹரின் கடைசி நேரத்தில் உண்பதே அந்தப் பகலைத் தாங்கும்.

இஃப்தாரில் கதை தலைகீழ். பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் போதாமல் வடை, சமோசா, சர்பத் என்று நீளும். ஏறிய சர்க்கரையைக் கண்டு பயந்து தாமாகவே மாத்திரையைக் கூட்டிக்கொண்டு, தராவீஹின் நடுவில் தலைசுற்றி உட்காருபவர்களும் உண்டு.

ரமளானை மட்டும் குறை சொல்வானேன்? நிக்காஹ் வீடுகளில் பன்னிரண்டு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்ட பெரியவர், சஹன் வரும்வரை இரண்டரை மணிக்கும் மரியாதைக்காகக் காத்திருக்கிறார். உணவு கண்முன் வந்த பின்னரே மாத்திரை என்பதை எந்த விருந்துக்காகவும் மாற்றக் கூடாது.

கை நடுங்கினால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடங்கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். குறைந்தே இருந்தால் மறுபடியும் குடிக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்க வேண்டும். விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்யலாம். அதற்கும் இயலாத நாட்பட்ட நோயாளிக்கு ஃபித்யா இருக்கிறது.

உலமாக்களிடம் ஒரு வேண்டுகோள். ஷஅபான் மாத ஜும்ஆக்களில் நோன்பின் சிறப்பைப் பேசும்போது, 62 என்று காட்டிய அந்த வாப்பாவையும் நினைவில் கொள்ளுங்கள். மகள் சீனித் தண்ணீரை நீட்டினால் அவர் மறுக்க மாட்டார், நீங்கள் மிம்பரிலிருந்து ஒருமுறை சொல்லியிருந்தால்.