ஒப்பந்தத் தாளில் மறையும் தொழிலாளி

இணையவழி விற்பனைத் தளம் உருவாக்க நிரலாளரையும் வடிவமைப்பாளரையும் அமர்த்தும் நிறுவனங்கள், பணி நியமன ஆணைக்குப் பதிலாக 'ஃப்ரீலான்சர்' ஒப்பந்தத்தை நீட்டுவது பெங்களூருவிலும் குருகிராமிலும் வழக்கமாகிவிட்டது. கெடு விதிப்பது நிறுவனம்; மீண்டும் மீண்டும் திருத்தம் கேட்பதும் அதுவே. வருங்கால வைப்பு நிதியோ பணிக்கொடையோ கிடையாது. நிலுவையாகும் இறுதித் தவணையும் கூலிப் பாக்கியாகக் கருதப்படாமல் வணிகத் தகராறாகிவிடுகிறது.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கிக் தொழிலாளியை மரபான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர் என்றே வரையறுக்கிறது. இடைத்தரகுத் தளங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நிதி செலுத்த வேண்டுமாம். அதுவும் தொழிலாளருக்கு அளிக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டாமல்! தளத்தின் இடையீடின்றி நேரடியாக ஒப்பந்தமிடும் நிறுவனத்துக்கு அக்கடமையும் இல்லை.

ஐடி ஊழியர் சங்கங்கள் இவர்களையும் உறுப்பினராக்கி, தாமதத் தவணைக்கு வட்டி கோரிப் போராட வேண்டும்.