நூலகர்கள் எதற்காகக் கூட வேண்டும்?

ஆகஸ்ட் 12 வந்தால் நூலகத் துறை முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை விழும். சிலருக்கு நல்நூலகர் விருது கிடைக்கும். மறுநாள் அவரவர் ஊரில், அவரவர் நூலகத்தைத் திறந்து தனியாக உட்கார்ந்துகொள்வார்கள். தேசிய நூலகர் தினம் அதோடு சரி.

அந்தத் தனிமையை ரங்கநாதனாலேயே தாங்க முடியவில்லை. 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்த அந்தக் கணித ஆசிரியர், சில நாட்களிலேயே மாநிலக் கல்லூரி முதல்வரிடம் போய், தன்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். முதலில் லண்டன் போய்ப் படித்து வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பிவைத்தார்கள். அங்கே வகுப்பறையைவிட, அவர் ஏறி இறங்கிய நூலகங்கள்தான் அவரை மாற்றின. குழந்தைகளும் தொழிலாளர்களும் இயல்பாக வந்துபோகும் பொது நூலகங்களைப் பார்த்தார். தொழிலைப் பற்றி ஓயாமல் பேசும் நூலகர்களோடு பழகினார். 1925-இல் திரும்பும்போது கப்பலில் இருந்த நூலகத்தையே வகைப்படுத்திப் பார்த்தவர், கல்லூரிப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

1928 தொடக்கத்தில் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. ரங்கநாதன் செயலாளர். நூலகர்களோடு வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள். சங்கம் என்ன செய்தது என்று பார்த்தால் இன்றைக்கு மலைப்பாக இருக்கிறது. 1929-இல் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது. நூலக அறிவியலின் ஐந்து விதிகளைச் சொல்லும் ரங்கநாதனின் நூலை 1931-இல் வெளியிட்டதும் இந்தச் சங்கம்தான். அந்த ஆர்வம் கிராமங்களையும் எட்டியது: அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்.

நூலகங்களுக்கென்று ஒரு சட்டத்துக்குத்தான் நீண்ட காத்திருப்பு. 1930-இல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் ரங்கநாதன் ஒரு மாதிரி நூலக மசோதாவை முன்வைத்தார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த 1948-இல்தான் மதராஸ் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. பதினெட்டு ஆண்டுகள் ஒரே கோரிக்கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததன் பலனைத்தான், சொத்து வரியோடு சேர்த்து நாம் கட்டும் நூலக வரியாக இன்றும் பார்க்கிறோம்.

இன்றைய கூட்டங்களுக்கு வருவோம். பொது நூலகர்களின் சங்கங்கள் பெரும்பாலும் ஊதியத்துக்காகவே கூட வேண்டியிருந்தது. காலமுறை ஊதியம் கேட்டு ஊர்ப்புற நூலகர்கள் எத்தனை ஆண்டுகள் தெருவில் நின்றார்கள்! அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வயிற்றுப்பாட்டைத் தீர்க்காமல் வாசிப்பு இயக்கம் பேசுவது வீண். கல்லூரி நூலகர்களின் கருத்தரங்குகள் வேறு ரகம். தலைப்பில் செயற்கை நுண்ணறிவு இருக்கும். குத்துவிளக்கு, பொன்னாடை, குழுப் படம், சாப்பாடு, சான்றிதழ் எல்லாம் இருக்கும். பதவி உயர்வுக்கு மதிப்பெண்ணும் உண்டு. வாசகர் மட்டும் இருக்க மாட்டார். இந்த இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்வது அபூர்வம்.

ஊர்ப்புற நூலகர் ஒருவரின் நாளைப் பாருங்கள். கதவைத் திறப்பதும், பெருக்குவதும், நாளிதழ்களைப் பிரித்துப் போடுவதும் அவரே. காலையில் பேப்பர் படிக்கும் பெரியவர்கள் வருவார்கள். வெயில் ஏறியதும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மேசைகளைப் பிடித்துக்கொள்வார்கள். மாலையில் பள்ளிக் குழந்தைகள் வந்தால் உட்கார இடம் இருக்காது. மழைக்காலத்தில் சுவரோரத்து அலமாரியில் கரையான் ஏறும். ஒருவர் கேட்கும் புத்தகம் முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கிளையில் ஆண்டுக்கணக்காக யாரும் தொடாமல் கிடக்கலாம்; இவருக்கு அது தெரியாது. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒரு நூலகர் வழி கண்டுபிடித்திருப்பார். குழந்தைகளுக்கென்று நேரம் பிரித்தவர் இருப்பார், படுத்துப்போன வாசகர் வட்டத்தை எழுப்பியவர் இருப்பார். அந்தக் கைப்பக்குவம் அடுத்த ஊருக்குப் போக வழியில்லை. எந்தப் புத்தகம் வாங்குவது என்பதும் பெரும்பாலும் மேலே முடிவாகிறது; தினமும் வாசகர் முகத்தைப் பார்ப்பவருக்கு அதில் குரல் குறைவு.

கேரளத்தில் 1945-இல் பி.என். பணிக்கர் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டி ஒரு சங்கம் அமைத்தார். அந்த வழியில் வந்த நூலகக் கவுன்சிலில் நூலகங்களின் பிரதிநிதிகளுக்கு இன்றும் இடமும் வாக்கும் இருக்கின்றன. நம்மிடம் அரசின் கட்டமைப்பு வலுவானது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள், சென்னையில் அண்ணா, மதுரையில் கலைஞர் பெயரில் பிரம்மாண்டமான நூலகங்கள். ஆனால் இத்தனை நூலகங்களை நடத்துபவர்கள் தொழில் பேச ஒன்றுகூடும் ஏற்பாடு மட்டும் பலவீனமாக இருக்கிறது. கட்டடத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசி இதற்குக் கிடைத்தால்கூடப் போதும்.

மாதம் ஒரு நாள், மாவட்ட மைய நூலகத்தில், அந்த மாவட்டத்துப் பொது, கல்லூரி, பள்ளி நூலகர்கள் கூடட்டும். அன்று விழாவும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். வாசகர் கேட்டு இல்லையென்று சொன்ன நூல்களின் பட்டியலை ஒவ்வொருவரும் கொண்டுவரட்டும். நூல் கொள்முதல் குழுவின் பார்வைக்கு அதுவே போகட்டும். அந்த நாள் பணிநாளாகக் கணக்கிடப்பட வேண்டும்; பேருந்துக் கட்டணம் நூலகரின் பையிலிருந்து போகக் கூடாது. சொத்து வரியில் ரூபாய்க்குப் 10 காசு நூலக வரியாக மக்கள் கட்டுகிறார்கள். உள்ளாட்சிகள் அதை நிலுவை வைக்காமல் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்தாலே இந்தச் செலவு ஒரு பொருட்டல்ல. இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை. ஓர் அரசாணை போதும். பள்ளிக் கல்வித் துறை அதை அடுத்த ஆகஸ்ட் 12-க்குள் வெளியிடட்டும்.