சுறா என்றால் எல்லாம் ஒரே சுறாவா?



"கடல் பக்கம் போகாதே, சுறா கடிக்கும்" என்று பிள்ளைகளை அடக்கி வைக்கும் உம்மா வாப்பாமாருக்கும், வகுப்பில் அதையே சொல்லும் எங்கள் ஆசிரியர்மாருக்கும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

உலகத்தில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் உண்டு. ஒரு சாண் நீளமே வளரும் சுறாவும் இருக்கிறது, பஸ்ஸை விட நீளமான சுறாவும் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் பயப்படுவது, பூனையைக் கண்டாலும் சிறுத்தையைக் கண்டாலும் ஒரே ஓட்டம் ஓடுவது மாதிரி.

ஆகப் பெரியது திமிங்கலச் சுறா. அது வாயைத் திறந்துகொண்டு மெதுவாக நீந்தி, தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் சின்ன மீன்களையும் வடிகட்டித் தின்னும். மனிதன் அதற்கு இரையே இல்லை.

திருகோணமலைக்குச் சுற்றுலா போனவர்கள் நிலாவெளிப் புறாத்தீவில் துடுப்பு நுனி கறுத்த சுறாக்களைப் பார்த்திருப்பீர்கள். கூச்ச சுபாவம். ஆள் கிட்டப் போனால் விலகிவிடும். ஆழம் குறைந்த இடத்தில் நடப்பவர்களின் காலை மீன் என்று நினைத்துக் கடித்த சம்பவங்கள் வேறு நாடுகளில் உண்டு, ஆனால் அரிது. பாறைக்கடியில் அசையாமல் படுத்துக் கிடக்கும் இன்னொரு வகைச் சுறா, வாலைப் பிடித்து இழுத்து விளையாடினால் கடிக்கும். அதில் பிழை யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

பவளப்பாறைகளில் வாழும் சாம்பல் சுறா, விரட்டி மூலையில் மடக்கினால் முதலில் எச்சரிக்கும். முதுகை வளைத்து, பக்கத் துடுப்புகளைக் கீழே தாழ்த்தி, உடம்பை முறுக்கி முறுக்கி நீந்தும். 'தள்ளிப் போ' என்பதுதான் அதன் அர்த்தம். அதை விளங்காமல் இன்னும் கிட்டப் போகிறவருக்குத்தான் ஆபத்து.

ஆபத்தான சுறாவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மனிதரைத் தாக்கிய பதிவுகளில் முன்னணியில் நிற்பவை மூன்று: வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா. வெள்ளைச் சுறா கீழிருந்து திடீரென்று மேலே வந்து தாக்கும். பல தடவை ஒரு கடியோடு விட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் அந்த ஒரு கடியே உயிரை எடுக்கலாம். புலிச் சுறா கண்டதையும் விழுங்கும். காளைச் சுறா உப்புக் குறைந்த தண்ணீரிலும் உயிர் வாழக்கூடியது, ஆற்றுக்குள்ளும் ஏறி வரும். இதெல்லாம் பிள்ளைகள் படிக்க வேண்டியதுதான். ஆனால் 500இல் மூன்று என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மனிதர் சீண்டாமல் சுறா கடித்த சம்பவங்கள் உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 60, 70தான். அவற்றில் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள். நீரில் மூழ்கி இறந்தவர்களோ, உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் மட்டும் 3 இலட்சம் பேர். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு எது உண்மையான ஆபத்து? கடல் உள்ளே இழுக்கும் இடம் எது, எந்த மாதத்தில் இறங்கக் கூடாது, இழுபட்டால் கரைக்கு எதிர்நீச்சல் போடாமல் பக்கவாட்டில் நீந்த வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுக்காமல் சுறாக் கதை சொல்லி வளர்க்கிறோம். பிள்ளை வளர்ந்ததும் அந்தப் பயம் போய்விடும். நீந்தத் தெரியாமலே கூட்டாளிமாரோடு கடலில் இறங்குவான்.

இந்தப் பயத்துக்கு 1975இல் வந்த 'ஜாஸ்' படத்துக்கும் பெரிய பங்குண்டு. அதன் மூலக்கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியே பிற்காலத்தில் சுறாக்களைக் காப்பாற்றப் பிரசாரம் செய்தார். நாம் இன்னும் படத்திலேயே நிற்கிறோம்.

சுறா வறை சாப்பிட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமும் வராது, மீனவக் குடும்பங்களின் பாடும் தெரியும். ஆனால் சுறா மற்ற மீன்களைப் போல இலட்சக்கணக்கில் முட்டை போடுவதில்லை. பல இனங்கள் மாதக்கணக்கில் சுமந்து சில குட்டிகளையே ஈனும். பிடித்துத் தீர்த்தால் திரும்பப் பெருக வருடக்கணக்காகும். திமிங்கலச் சுறாவைப் பிடிப்பது எங்கள் நாட்டில் சட்டப்படி தடை. வலையில் மாட்டிய ஒன்றைக் கண்டால் அதன் மேல் ஏறி நின்று செல்பி எடுக்காமல், கடலுக்குத் திருப்பி விட உதவுங்கள். அதுவும் அல்லாஹ்வின் படைப்புத்தான்.

ஆசிரியர்மாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விஞ்ஞான பாடத்தில் மீன்கள் வரும்போது நான்கு சுறாக்களின் படத்தைக் காட்டி, ஒவ்வொன்றும் என்ன தின்னும், ஆளைக் கண்டால் என்ன செய்யும் என்று ஒரு பாடவேளை கதையுங்கள். அதே பாடவேளையில் கடலில் எப்படிக் கவனமாக இருப்பது என்பதையும் சொல்லுங்கள். மீனவக் குடும்பத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால் அவனை முதலில் பேச விடுங்கள். எங்களை விட அவனுக்குக் கூடத் தெரிந்திருக்கும்.